நெடுந்தூர ட்ரயத்லனுக்குச் சில வாரம் முன் இன்னொரு போட்டியில் இறங்கலாமா? படிப்படியாக முடிவெடுக்கும் முறை

“அண்ணை, பத்துக் கிலோமீற்றர்தானே. ஓடினா என்ன வந்திடப் போகுது?”

பெரிய போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, என்னோடு பயிற்சி செய்யும் தம்பிமாரில் ஒருவராவது இதைக் கேட்காமல் விடுவதில்லை. ஊர்க் கழகத்தின் மரதன், பொங்கலை ஒட்டிய சைக்கிள் ஓட்டம், கொழும்பில் ஒரு அரை மரதன் என்று ஏதாவது ஒன்று அந்த வாரங்களில் வந்து நிற்கும். எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது, எதற்காக இறங்குகிறீர்கள், அதற்கு எத்தனை நாள் பயிற்சியைக் கொடுக்கப் போகிறீர்கள் என்ற மூன்றையும் இதே ஒழுங்கில் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஒழுங்கைக் குழப்பி, முதலில் காசைக் கட்டிவிட்டுப் பிறகு காரணம் தேடினால் எப்போதும் ‘ஓடலாம்’ என்றுதான் முடியும்.

ட்ரயத்லன் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே போட்டியில் செய்வது. அதில் நெடுந்தூரம் என்று நான் சொல்வது இரண்டை. முழுத்தூரம்: 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம். அரைத்தூரம்: 1.9, 90, 21.1. கீழே வரும் நாள்கணக்கு முழுத்தூரத்துக்கு உரியது. அரைத்தூரத்துக்குப் போகிறவர்கள் எங்கே குறைக்கலாம் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. முதலில் மேசையில் வைக்க வேண்டியவை

கடைசி ஆறு வாரப் பயிற்சிக் குறிப்பு வேண்டும். தூரம் மட்டும் போதாது, ஒவ்வொரு இரவும் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதும் இருக்க வேண்டும். தூக்கத்தை எழுதாதவர்கள் எல்லோரும் தாங்கள் நன்றாகத் தூங்குவதாகவே நினைக்கிறார்கள்.

காலையில் பாயைவிட்டு எழும்புமுன் எடுத்த நாடித்துடிப்பு, குறைந்தது பதினான்கு நாளுக்கு. கைக்கடிகாரம் இல்லாவிட்டால் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணினால் போதும். ஒருநாள் எண்ணிக்கை எதையும் சொல்லாது, உங்கள் சராசரி எது என்று தெரிந்தால்தான் ஏழாம் படியில் அது பயன்படும்.

சின்னப் போட்டியின் விபரங்கள்: தொடங்கும் நேரம், உண்மையான தூரம், பாதை, காசு திரும்புமா என்பது. ஊர்ப்பக்கம் ‘மரதன்’ என்று அறிவித்தால் அது ஐந்து கிலோமீற்றராகவும் இருக்கலாம், பதினைந்தாகவும் இருக்கலாம். கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்களுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய ஒருவர். பயிற்றுநர் இல்லாதவர்களுக்கு அக்காவோ மனைவியோ கூடப் போதும். போட்டியில் கூட ஓடப்போகும் சிநேகிதர் மட்டும் அதற்குச் சரிவரமாட்டார்.

2. பெரிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நாட்காட்டியில் பெரிய போட்டியைக் குறித்து, அங்கிருந்து பின்னால் வாருங்கள். இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணினால் ‘இன்னும் ஐந்து வாரம் கிடக்குது’ என்று தோன்றும். பின்னோக்கி எண்ணும்போதுதான் அந்த ஐந்தில் கடைசி இரண்டு மூன்று வாரம் டேப்பருக்குப் போய்விடுவது தெரியும். டேப்பர் என்பது பயிற்சியின் அளவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் சிறு சிறு துண்டுகளாக வைத்திருக்கும் காலம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. இன்று செய்த கடும் பயிற்சியின் களைப்பு இன்றே வருகிறது, பலனோ பத்து நாளாவது கழித்துத்தான் வருகிறது. கடைசிப் பத்து நாளில் வேகமாக ஓடினால் களைப்பை மட்டும் தூக்கிக்கொண்டு தொடக்கக் கோட்டுக்குப் போவீர்கள்.

எட்டு முதல் ஐந்து வாரத்துக்கு முன் வரும் போட்டி நல்ல இடத்தில் வருகிறது. ஒலிம்பிக் தூர ட்ரயத்லன் (1.5, 40, 10) அல்லது அரைத்தூரமே கூடச் செய்யலாம், ஆறிவர நாள் இருக்கிறது. நான்காவது, மூன்றாவது வாரத்தில் அரைத்தூரம் பழகியவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு ஒலிம்பிக் தூரமோ அதற்குக் குறைந்ததோ சரி. இரண்டு வாரத்துக்கு முன் என்றால் ஸ்பிரின்ட் தூரம் (750 மீற்றர், 20, 5), அல்லது ஒரு ஐந்து கிலோமீற்றர், அதுவும் வரம்போடு. கடைசிப் பத்து நாளில் எதுவும் இல்லை. இந்த ஒன்றில் மட்டும் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை.

அரைத்தூரத்துக்குத் தயாராகிறவர்கள் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு வாரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். கடைசிப் பத்து நாள் அவர்களுக்கு ஏழெட்டு நாளாகும், அதற்குக் கீழே போகாது.

3. எதற்காக என்று ஒரே வரியில் எழுதுங்கள்

பேனாவால், தாளில், ஒரே வரி. இரண்டு வரி தேவைப்பட்டால் காரணம் இன்னும் தெளியவில்லை.

ஏற்கத்தக்க காரணங்கள் சில உண்டு. ‘கூட்டத்தோடு கடலில் நீந்திப் பழக வேண்டும்.’ ‘நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடத்தில் தடுமாறுகிறேன்.’ ‘போட்டி நாள் காலையில் எனக்கு வயிறு கலக்குகிறது, அந்தச் சாப்பாட்டைச் சோதிக்க வேண்டும்.’ இவை போட்டியில் மட்டும் கற்கக்கூடியவை, அல்லது போட்டியில் நன்றாகக் கற்கக்கூடியவை.

‘எனக்குத் தெம்பு இருக்கா எண்டு பாக்கவேணும்’ என்பதுதான் நான் அதிகம் கேட்கும் காரணம், அதிகம் கெடுப்பதும் அதுதான். பத்துக் கிலோமீற்றரை நீங்கள் எத்தனை நிமிடத்தில் ஓடினாலும், 180 கிலோமீற்றர் சைக்கிளுக்குப் பிறகு 30ஆவது கிலோமீற்றரில் உங்கள் கால் என்ன செய்யும் என்று அது சொல்லாது. நேரம் நன்றாக வந்தால் பெரிய நாளில் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் தொடங்குவீர்கள். மோசமாக வந்தால் டேப்பரை விட்டுவிட்டுப் பயிற்சியைக் கூட்டுவீர்கள். இரண்டும் கெடுதல்.

அடுத்தது, தவறவிட்ட பயிற்சியை ஈடுகட்டுவது. ஒரு கிழமை மழையிலோ வேலையிலோ போய்விட்டது, அதை ஒரே போட்டியில் பிடிக்கலாம் என்ற எண்ணம். போன கிழமை போனதுதான். அதை மூன்றாம் வாரத்தில் திணித்தால் அடுத்த கிழமையும் போகும்.

பொடியன்கள் கூப்பிடுகிறார்கள், கழகத்துக்கு ஆள் குறைகிறது என்பவை உண்மையான நெருக்கடிகள், அவற்றை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் கழகத்துக்கு உதவத் தண்ணீர் மேசையில் நிற்கலாம், சைக்கிளில் முன்னே போய்ப் பாதை காட்டலாம். ஓடித்தான் உதவ வேண்டும் என்றில்லை.

4. விலையை நாட்களில் கணக்கிடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள். போட்டிக் கட்டணம் எத்தனை ரூபா என்பது தெரியும், அது எத்தனை நாளைத் தின்னும் என்பது தெரியாது.

ஓட்டம்தான் மூன்றிலும் விலை கூடியது. தார் றோட்டில் ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் தொடைத்தசை இழுபட்டபடியே உடலைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த இழுபடலில் தசைநாரில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. வலி ஓடிய அன்றைவிட அடுத்த இரண்டு நாளில்தான் உச்சத்துக்கு வரும். இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. தசையில் சேமித்த சர்க்கரை, சோறு ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒன்று இரண்டு நாளில் நிரம்பிவிடும். அதனால் மூன்றாம் நாள் உடம்பு ‘சரி’ என்கிறது, ஆளும் நீண்ட ஓட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறார். நார் அப்போது இன்னும் ஆறியிருக்காது.

ஓட்டக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது: போட்டி வேகத்தில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒருநாள் கடும் பயிற்சி இல்லை. பத்துக் கிலோமீற்றர் ஆறு மைலுக்குச் சற்று மேல், ஆகவே ஆறு நாள். அரை மரதன் பதின்மூன்று நாள். முழு மரதன் இருபத்தாறு நாள். இது விஞ்ஞானச் சூத்திரம் ஒன்றும் இல்லை, ஆனால் நான் பார்த்தவரையில் கூடக் குறையச் சரியாகத்தான் வருகிறது. நாற்பது வயது தாண்டியவர்கள் இரண்டு மூன்று நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதோடு போட்டிக்கு முன் காலுக்கு ஓய்வு கொடுக்கும் இரண்டு நாளையும் சேருங்கள். பத்துக் கிலோமீற்றரின் விலை எட்டு நாள். பெரிய போட்டிக்கு இருபத்தொரு நாள் இருக்கையில் எட்டைக் கொடுத்தால் மிச்சம் பதின்மூன்று, அது முழுக்க டேப்பர். ஆக, பெரிய போட்டிக்கு முன் உங்கள் கடைசி நீண்ட பயிற்சி அந்தப் பத்துக் கிலோமீற்றராகத்தான் இருக்கும். “பத்துக் கிலோமீற்றர்தானே” என்று கேட்கிறவர்களிடம் நான் இந்தக் கழித்தலைத்தான் தாளில் போட்டுக் காட்டுவேன்.

சைக்கிளில் இந்த ஊன்றும் அடி இல்லை. கடுமையாக மிதித்தாலும் இரண்டு மூன்று நாளில் கால் திரும்பிவரும். அங்கே பயப்பட வேண்டியது விழுவதற்கு. ஊர்ச் சைக்கிள் ஓட்டத்தில் ஒரே கூட்டமாக விடுகிறார்கள், பாதை முழுதும் மூடியிருக்காது. நாய், மாடு, ஒழுங்கையால் திடீரென்று வெளிவரும் ஓட்டோ எல்லாம் இருக்கும். காறை எலும்பு முறிந்தால் பொருந்தவே ஆறு வாரமளவில் ஆகும். கடைசி நான்கு வாரத்தில் கூட்டச் சைக்கிள் ஓட்டம் வேண்டாம் என்பது என் முடிவு. எத்தனை பேர் கோபித்தாலும் இதை மாற்றப்போவதில்லை.

நீச்சல் மிக மலிவு. ஒரு கிலோமீற்றர் கடல் நீச்சல் போட்டி கிடைத்தால் இரண்டு வாரத்துக்கு முன்கூட நீந்தலாம். கடற்சொறியும் காதில் தண்ணீர் தங்கி வரும் தொற்றும் மட்டும் கவனம்.

நான் இந்தக் கணக்கைப் போடாமல் ஒருமுறை பெரிய போட்டிக்குப் பதினெட்டு நாள் முன் அரை மரதன் ஓடினேன். நல்ல நேரம் வந்தது. பதினோராம் நாள் கெண்டைக்காலில் ஒரு இழுப்பு, அதற்குப் பிறகு பெரிய நாள் வரை ஓடவே இல்லை. அன்று நீச்சலும் சைக்கிளும் திட்டப்படி போயின. ஓட்டத்தில் பன்னிரண்டாவது கிலோமீற்றரிலிருந்து நடந்துதான் முடித்தேன். பதின்மூன்று நாள் என்ற பழைய கணக்கு எனக்கு அப்போதும் தெரியும். பதினெட்டில் பதின்மூன்று போனால் ஐந்து மிஞ்சுகிறது, அதுவே போதும் என்று நினைத்தேன். முன்னே கொடுக்கும் நாட்களையும் பயணத்தையும் கூட்டவில்லை.

5. பயணத்தையும் கூட்டுங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வெள்ளி இரவு பஸ், சனி இலக்கம் வாங்குதல், ஞாயிறு விடியப் போட்டி, ஞாயிறு இரவு திரும்பவும் பஸ், திங்கள் காலை வேலை. மூன்று இரவில் இரண்டு பஸ்ஸில் போகிறது. இடையில் உள்ள ஒன்று போட்டிக்கு முந்திய இரவு, அன்று யாரும் நன்றாகத் தூங்குவதில்லை. ஓடி முடித்த காலைத் தொங்கப்போட்டு எட்டு மணி நேரமளவு இருந்தால் கணுக்கால் வீங்கும், தசை இறுகும். ஊரிலேயே ஓடினால் ஆறு நாளில் ஆறும் கால், இப்படிப் போய்வந்தால் எட்டு ஒன்பது நாள் கேட்கும். ஆகவே வெளியூர்ப் போட்டிக்கு நான்காம் படிக் கணக்கில் மூன்று நாள் கூட்டுங்கள். ரயிலில் பகலில் போய், ஒருநாள் தங்கி, மறுபடி பகலில் வந்தால் ஒருநாள் போதும்.

சைக்கிளைக் கொண்டுபோவதாக இருந்தால் இன்னொன்று. பஸ்ஸின் அடிப்பெட்டியில் சாமான்களோடு கிடந்தால் பின் கியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சின்ன உலோகக் காது வளையும். அது ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவம். இங்கே கடைக்குப் போனவுடன் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. பின் கியரைக் கழற்றித் துணியில் சுற்றி சட்டத்துக்குள் கட்டிவிடுங்கள், ஒரு உதிரிக் காதை முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள்.

பெரிய போட்டி மலேசியாவின் லங்காவியில் என்றால் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை இதே பயணத்தை எப்படியும் ஒருமுறை செய்யத்தான் போகிறீர்கள். ஒரே மாதத்தில் இரண்டு முறை தேவையா என்பதையும் அதே தாளில் எழுதிப் பாருங்கள்.

6. பருவமும் விரதமும்

கொழும்பில் 2018 முதல் சில ஆண்டுகள் அயன்மேன் என்ற பெயரிலான அரைத்தூர ட்ரயத்லன் பெப்ரவரியில் நடந்தது. அப்படிப் பெப்ரவரியில் பெரிய நாள் வந்தால் எங்கள் கடைசிப் பயிற்சி வாரங்கள் வாடைக்காலத்தில் விழும். வடகரைக் கடல் கலங்கிக் கிடக்கும், றோட்டில் வெள்ளம் தேங்கிப் பள்ளம் எது மேடு எது என்று தெரியாது. அந்தப் பருவத்தில் ஊர்ச் சைக்கிள் ஓட்டத்துக்கு எதிராக நான் சொல்வது இரண்டு மடங்காகும்.

ஆண்டின் கடைசி மாதங்களில் வெளிநாட்டுப் போட்டி என்றால் தென்மேற்குக் காற்று வீசும் சோளகக்காலம் பயிற்சிக்குள் வரும். பண்ணைப் பாலத்திலும் புங்குடுதீவுப் பாலத்திலும் குறுக்குக் காற்றில் ஓட்டிப் பழகியவருக்கு அதைவிட நல்ல சோதனை எந்தச் சின்னப் போட்டியிலும் கிடைக்காது.

விரதத்தைப் பற்றி ஒருவரும் எழுதாததால் இதைச் சொல்லத்தான் வேண்டும். கந்தசஷ்டி ஆறு நாள் ஐப்பசியில், தீபாவளி அமாவாசைக்கு அடுத்த நாள் தொடங்கும். நவம்பரில் போட்டி என்றால் அது டேப்பருக்குள்ளேயே வந்துவிடலாம். ஆறு நாளும் ஒருபொழுதோ பட்டினியோ இருந்துகொண்டு இடையில் ஒரு போட்டியும் ஓடினால், தசை ஆறுவதற்கு வேண்டிய சோறும் பருப்பும் உள்ளே போகாது. விரதம் பிடிப்பது உங்கள் முடிவு, அதில் நான் தலையிடமாட்டேன். பிடிப்பதாக இருந்தால் சின்னப் போட்டி வேண்டாம். பெரிய போட்டிக்கு ஐந்து நாளுக்குள் விரதம் முடிகிறதென்றால் வீட்டுப் பெரியவர்களோடு முன்கூட்டியே பேசுங்கள், பால் பழத்தோடு பிடிக்கும் முறையும் இருக்கிறது.

7. உடம்பைப் பத்து நாள் கவனியுங்கள்

போட்டிக்குப் பத்து நாள் முன்னிருந்து மூன்று விஷயங்களை ஒவ்வொரு காலையும் எழுதுங்கள்: நாடித்துடிப்பு, தூங்கிய நேரம், எங்காவது ஒரே இடத்தில் வலி இருக்கிறதா என்பது. நாடி உங்கள் சராசரியைவிட ஐந்து ஏழு துடிப்புக் கூடி, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அப்படியே நின்றால் உடம்பு எதையோ எதிர்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு காலிலும் பரவலாக உளைவது பயிற்சியின் உளைவு. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி காயம். காயத்தோடு சின்னப் போட்டி இல்லை.

தடிமன் பிடித்தால் கழுத்தை எல்லையாக வையுங்கள். மூக்கொழுகுதல், தொண்டை இலேசாகக் கரகரத்தல் மட்டும் என்றால் மெதுவாகப் பயிற்சி செய்யலாம். நெஞ்சுச் சளி, உடம்பு உளைவு, காய்ச்சல் என்று கழுத்துக்குக் கீழே இறங்கினால் எதுவும் இல்லை. காய்ச்சலோடு கடுமையாக ஓடினால் வைரஸ் இதயத் தசையைப் பாதிக்கும் ஆபத்து உண்டு. இதை யாரும் சவாலாக எடுக்கக்கூடாது.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் முதலில் டெங்குவை நினையுங்கள். வைத்தியரிடம் போய் இரத்தம் பாருங்கள். பனடோலை (பரசிற்றமோல்) தவிர வேறு வலி மாத்திரை தொடாதீர்கள். அஸ்பிரின், இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்டவுடன் சுகம் என்று நினைத்து வெளியே இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் மிக ஆபத்தான நேரம். களைப்பும் வாரக்கணக்கில் நிற்கும். டெங்கு வந்தால் இந்த வழிகாட்டியின் கேள்வி மாறிவிடுகிறது: சின்னப் போட்டியைக் கைவிடுங்கள், பெரிய போட்டிக்குப் போவதா என்பதை வைத்தியரோடு பேசி முடிவெடுங்கள்.

8. மூன்று நாளுக்கு முன் முடிவைச் சொல்லிவிடுங்கள்

போட்டி ஞாயிறு என்றால் வியாழன் மாலை. அதற்குப் பிறகு முடிவை மாற்றினால் ‘இறங்குவதில்லை’ என்ற பக்கம் மட்டும் மாற்றலாம். போட்டி நெருங்க நெருங்கப் பரபரப்புக் கூடும், பரபரப்பில் எடுக்கும் முடிவுகள் ஒரே திசையில்தான் சாயும். அதனால்தான் இந்த விதி.

மேசையில் தாளை விரித்து நான்கைப் பாருங்கள். நாள்கணக்கில் இடம் இருக்கிறதா? அந்த ஒரு வரிக் காரணம் இன்னும் உண்மையா? கால் ஆறிய பிறகும் பெரிய போட்டிக்கு முன் ஒரு நீண்ட பயிற்சிக்காவது நாள் மிஞ்சுகிறதா, அல்லது அந்தப் பயிற்சி ஏற்கெனவே முடிந்துவிட்டதா? பத்து நாள் குறிப்பு சுத்தமாக இருக்கிறதா? நான்குக்கும் ஓம் என்றால் இறங்குங்கள், மனம் நிறைந்து இறங்குங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் விடுங்கள். கட்டிய காசு இந்த நான்கில் இல்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது போன காசுதான்.

பிறகு, முதலில் சொன்ன அந்த ‘வேண்டாம்’ சொல்லக்கூடியவரிடம் தாளைக் காட்டுங்கள்.

9. இறங்குவதாக இருந்தால்: வரம்பு கட்டி இறங்குதல்

வரம்பைப் போட்டிக்கு முன்பே கையில் எழுதுங்கள். இதயத்துடிப்புக் கருவி இருந்தால் ஒரு எண். இல்லாவிட்டால் பேச்சுச் சோதனை: பக்கத்தில் ஓடுகிறவரிடம் நாலைந்து சொல் சேர்த்துப் பேச முடிய வேண்டும். ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். கடைசி 400 மீற்றரில் முன்னால் போகிறவரைப் பிடிக்க ஓடாதீர்கள். நான் பார்த்த பின்தொடைத் தசை இழுப்புகளில் பாதிக்கு மேல் அந்த 400 மீற்றரில்தான்.

காலைச் சாப்பாடு பெரிய நாளின் சாப்பாடாகவே இருக்கட்டும், தொடக்கத்துக்கு மூன்று மணி நேரம் முன். வெள்ளை இடியப்பமும் சீனியும், பாண் ஜாம், வாழைப்பழம் போன்றவை இலகுவாகச் செரிக்கும். குரக்கன் புட்டு, தேங்காய்ப்பூச் சம்பல், உறைப்புக் கறி எல்லாம் அன்று வேண்டாம். நாரும் கொழுப்பும் வயிற்றில் தங்கும்.

சைக்கிளில் சாப்பிடுவதைச் சோதிக்கத்தான் இறங்குகிறீர்கள் என்றால் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாச்சத்து என்ற பெரிய நாளின் அளவையே சோதியுங்கள், 60இல் தொடங்கி. இங்கே பலர் செய்யும் தவறு, போத்தலில் ஜீவனி என்ற நீரேற்றத் தூளைக் கரைத்துவிட்டு அதுவே போதும் என்று இருப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் நீரேற்றக் கலவையில் லீற்றருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டும். உப்புக்கு அது உதவும், தெம்புக்குப் போதாது. ஜெல் (பொட்டலத்தில் வரும் சர்க்கரைப் பசை), பழம், பனங்கட்டித் துண்டு என்று வேறு ஏதாவது கூட வர வேண்டும். பனங்கட்டி சிலருக்கு மிக நன்றாகப் போகும், சிலருக்குக் குமட்டும். அதை அறியத்தான் இந்த நாள். பத்துக் கிலோமீற்றர் ஓட்டத்துக்கு இவை ஒன்றும் தேவையில்லை, தண்ணீர் போதும்.

புதுச் சப்பாத்து, புதுக் காற்சட்டை, வலி தெரியாமல் இருக்க மாத்திரை, மூன்றும் இல்லை. மாத்திரை போட்டு ஓடினால் காயம் மறையும், வெயிலில் சிறுநீரகத்துக்கும் சுமை.

10. இறங்காவிட்டால்: அதே நாளில் ஒத்திகை

‘இறங்குவதில்லை’ என்று முடிவெடுத்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தால் மனம் அரிக்கும். அதே காலையை ஒத்திகைக்கு எடுங்கள். நாங்கள் செய்வது இது: விடியமுன் காரைநகர் கசூரினாக் கடற்கரை. கரை வெகுதூரம் ஆழமில்லாதது, அதனால் சற்று வெளியே போய்க் கரையோரமாக இணையாக நீந்த வேண்டும். தனியே இல்லை, துணையோடு. கடல் எப்படி என்று மீன்பிடிக்கிறவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்குவது.

வெளியே வந்ததும் ட்ரான்சிஷனை, அதாவது நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறுவதை, போட்டி போலவே செய்யுங்கள். காலில் மணல் ஒட்டியிருக்கும், அதோடு சப்பாத்தைப் போட்டால் சைக்கிளில் தெரியாது, ஓட்டத்தில் கொப்புளமாகும். ஒரு போத்தல் தண்ணீரால் காலைக் கழுவி, துவாயில் ஒற்றி, பிறகு காலுறை. இதற்கு எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். பிறகு பொன்னாலைப் பாலத்தால் யாழ்ப்பாணம் வந்து, பண்ணைப் பாலம் ஏறித் தீவுப்பக்கம். குறிகட்டுவான் வரை போய்த் திரும்பினால் அந்தத் துண்டு மட்டும் 60 கிலோமீற்றருக்கு மேல். வேகம் பெரிய நாளின் வேகம், அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை. இறங்கியதும் ஓட்டம்.

மூன்று வாரத்துக்கு முன் என்றால் நீச்சல் 2 கிலோமீற்றர், சைக்கிள் 90 வரை, ஓட்டம் 8. இரண்டு வாரத்துக்கு முன் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். கடல் கலங்கியிருந்தால் நீச்சலைத் தடாகத்துக்கு மாற்றுங்கள், மற்றதை வைத்திருங்கள்.

புறப்படுமுன்னும் முடித்த பின்னும் நிறை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்வை, இடையில் குடித்ததையும் அதோடு கூட்டுங்கள். நிறை கூடியிருந்தால் தேவைக்கு மேல் தண்ணீர் குடித்திருக்கிறீர்கள், இரத்தத்தில் உப்புக் குறையும் ஆபத்து அங்கேதான். நெடுந்தூரப் போட்டிக்கு இந்த எண் பத்துக் கிலோமீற்றர் நேரத்தைவிடப் பயன்படும்.

11. போட்டிக்குப் பிந்திய ஏழு நாள்

முதல் நாள் அரை மணி நேரம் நடை அல்லது மிக மெதுவான சைக்கிள். இரண்டாம் நாள் நீச்சல். ஓட்டத்துக்குத் திரும்புமுன் இரண்டு சோதனை: கைபிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்குங்கள், பிறகு ஒவ்வொரு காலிலும் பத்துமுறை நொண்டி அடியுங்கள். வலி இல்லாவிட்டால் இருபது நிமிடம் மெதுவாக ஓடலாம். வலித்தால் இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் சோதியுங்கள்.

வந்த நேரத்தை ஒரு வாரத்துக்குப் பார்க்க வேண்டாம். அதற்குப் பதிலாக, மூன்றாம் படியில் எழுதிய ஒரு வரிக்குப் பக்கத்தில் கற்றதை எழுதுங்கள்: ‘கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தது, வாரை இறுக்க வேண்டும்’, ‘இரண்டாவது ஜெல் குமட்டியது’. பெரிய நாளுக்கு அவற்றில் எதை மாற்றுவது என்பதையும் அங்கேயே முடிவுசெய்யுங்கள்.

ஏழாம் நாளும் நொண்டிச் சோதனை வலித்தால் அந்த வாரத்தின் ஓட்டத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், நீச்சலையும் சைக்கிளையும் திட்டப்படி வைத்திருங்கள். தவறிய நீண்ட ஓட்டத்தைத் தூக்கிக் கடைசி இரண்டு வாரத்துக்குள் போடாதீர்கள்.